எல்லைக் கோட்டை எங்கே போடுவது?

2014 தை மாதம். மொட்டை மாடிப் படிக்கு ஒரு பழைய இரும்புக் கதவு தேவைப்பட்டது. பாகலூர் சாலைப் பக்கம் ஒரு காயலான் கடையில் நல்ல கதவுகள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். கடைக்காரர் லாரிக்காரரோடு எடை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். காத்துக்கொண்டு நின்ற நேரத்தில், தகரக் கூரைக்கு அடியில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மா கண்ணில் பட்டார். தண்டவாளத் துண்டு ஒன்றைப் பட்டறைக்கல் மாதிரிப் போட்டு, அதன் மேல் அலுமினியக் கூடுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார். நாலைந்து அடி விழுந்தால்தான் ஒரு கூடு பிளந்தது. உள்ளே இருந்த இரும்பு வளையத்தைக் குறடால் பிடுங்கி ஒரு பக்கம் எறிந்தார். அலுமினியச் சில்லுகளைச் சாக்கில் போட்டார். கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. இடது கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது.

“ஏம்மா, அப்படியே போட்டா எடுத்துக்க மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“இரும்போட போட்டா பாதி வெல கூட வராது சார். மத்ததெல்லாம் ரெண்டு தட்டு தட்டினா வந்துடும். இத மட்டும் புடுங்கவே முடியாது. இத யாரு செஞ்சாங்களோ, ஒரு நாள் இங்க வந்து ஒக்காந்து ஒடைச்சுப் பாத்திருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்க.”

நான் பதில் சொல்லவில்லை. அதைச் செய்தவன் நான்தான். அந்தக் கூட்டின் விலாவில் இருந்த மூன்று முட்டுகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன். கதவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் கூடு. 1996-ல் நான் வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையில் அதன் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முந்தைய வடிவத்தில், பேரிங் உட்காரும் இரும்பு வளையத்தைத் தனியாகக் கடைந்து, கூட்டில் துளை போட்டு, பிரஸ்ஸில் அழுத்திச் செருகுவோம். வளையம் தேய்ந்தால் பின்புறமிருந்து தள்ளி எடுத்துவிட்டு வேறொன்று போட்டுக்கொள்ளலாம். நான் அந்த வளையத்தின் வெளிப்பக்கம் நர்லிங் போட்டுச் சொரசொரப்பாக்கி, வார்ப்பு அச்சுக்குள்ளேயே வைத்து, உருகிய அலுமினியம் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும்படி மாற்றினேன். இரண்டு வேலைகள் ஒழிந்தன. கூடு ஒன்றுக்கு 2 ரூபாய் 40 பைசா மிச்சம். ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரம் இன்றும் எங்கள் கூடத்தில் ஓடுகிறது.

அந்தக் கணக்கில் பிழை கிடையாது. இன்றைக்குப் போட்டாலும் அதே 2 ரூபாய் 40 பைசாதான் வரும். ஆனால் தொழிற்சாலையின் கேட்டோடு நான் கணக்கை முடித்துவிட்டேன். வளையம் தேய்ந்ததும் முழுக் கூட்டையும் மாற்ற வேண்டிவந்த வண்டிக்காரர் அந்தக் கணக்கில் வரவில்லை. அந்த அம்மாவின் கட்டைவிரலும் வரவில்லை.

உடைக்காமல் உருக்கினால் என்ன என்று தோன்றலாம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். அதனால் அலுமினியம் உருகி ஓட, இரும்பு அப்படியே நிற்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பகுதி நிற்கும்தான். ஆனால் உருகிய அலுமினியத்தில் இரும்பு மெல்ல மெல்லக் கரையும். ஒருமுறை உள்ளே போய்விட்டால் அதைப் பிரித்தெடுக்க லாபகரமான வழி இல்லை. புது அலுமினியத்தைக் கலந்து விகிதத்தைக் குறைக்கத்தான் முடியும். வார்ப்பகங்களில் அதிகம் புழங்கும் ஏ.டி.சி.12 என்ற கலவையில் இரும்பு 1.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊசி போன்ற படிகங்கள் விளைந்து வார்ப்பு நொறுங்கும். பழைய அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்தினால், தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதம் போதும். அத்தனை பெரிய லாபத்தை ஓர் இரும்பு வளையம் கெடுத்துவிடும். அந்த அம்மா இந்த உலோகவியல் முழுவதையும் ‘பாதி வெல’ என்ற இரண்டு வார்த்தையில் தெரிந்துவைத்திருந்தார்.

அந்தக் காயலான் கடையில் நின்றபோது எனக்கு 52 வயது. அந்த வாரமே படிக்க உட்கார்ந்தேன் என்று சொன்னால் அது உண்மையாகாது. இரண்டு வருடம் அந்தச் சுத்தியல் சத்தத்தை மனதிலேயே வைத்திருந்தேன்.

நான் 1982-ல் சேலத்தில் டிப்ளமா முடித்துவிட்டு ஓசூருக்கு வந்தவன். சிப்காட்டில் அப்போதுதான் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அசோக் லேலண்டு ஆலையும், டி.வி.எஸ். 50 மொபெட்டும் வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. 1987-ல் டைட்டன் கடிகாரங்கள் சந்தைக்கு வந்தன. சந்திரசூடேஸ்வரர் மலையில் நின்று பார்த்தால், ஒவ்வொரு வருடமும் புகைபோக்கியும் நீலக் கூரையும் கூடிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் செய்து அனுப்பினோம். அனுப்பியது எங்கே போய் முடிகிறது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. கேட்கச் சொல்லி எந்தப் பாடத்திலும் இல்லை. டிப்ளமாவில் கடைவது, வார்ப்பது, வெல்டிங், அளவைகள் எல்லாம் இருந்தன. கழற்றுவதற்கு ஒரு மணி நேரம் கூட ஒதுக்கவில்லை.

2016-ல் என் மகள் என்.பி.டி.இ.எல். தளத்தைக் காட்டினாள். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது; வீட்டிலிருந்தே பாடம் கேட்கலாம், காசு இல்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். வாரா வாரம் ஒப்படைப்பு உண்டு. மாலை ஷிப்ட் முடிந்து இரவு 11 மணிக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு உட்காருவேன். முதல் மூன்று வாரம் ஒன்றும் ஏறவில்லை. ஆங்கிலம்தான் காரணம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது: 34 வருடமாகப் பழகிய ஒரு பார்வையை அந்தப் பாடம் கேள்வி கேட்டது. மனம் அதற்கு இடம் கொடுக்க மறுத்தது.

அங்கே நான் படித்த பாடத்தில் வாழ்நாள் சுழற்சி மதிப்பீடு என்று ஒரு முறை வரும். மண்ணிலிருந்து தாதுவை எடுப்பதில் தொடங்கி, செய்து, ஓட்டி, பழுது பார்த்து, கடைசியில் அது சேருமிடம் வரை எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுவருவது. ஐ.எஸ்.ஓ. 14040 என்பது அதற்கான சர்வதேச விதிமுறை. அதில் முதல் வேலையே இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுவதுதான். எதை அளக்கிறாய்? எல்லையை எங்கே போடுகிறாய்?

முதல் கேள்வி எளிதாகத் தோன்றும். எங்கள் கேன்டீனில் ஒரு சர்ச்சை ஓடிக்கொண்டிருந்தது: தேநீருக்குக் காகிதக் குவளையா, எவர்சில்வர் டம்ளரா? ஒரு டம்ளரை ஒரு குவளையோடு ஒப்பிட்டால் காகிதம்தான் ஜெயிக்கும். டம்ளர் செய்ய எஃகு வேண்டும், நெருப்பு வேண்டும். ஆனால் நாங்கள் குடிப்பது டம்ளரை அல்ல, தேநீரை. ‘300 பேர் ஒரு வருடம் குடிக்கும் தேநீர்’ என்று அலகை மாற்றிப் போட்டேன். ஒரு பக்கம் மலை போலக் குவளைகள், இன்னொரு பக்கம் 300 டம்ளரும் அவற்றைக் கழுவும் தண்ணீரும். இப்போது கேள்வி டம்ளரை விட்டுக் கழுவும் தொட்டிக்கு நகர்ந்துவிட்டது. வெந்நீரில் கழுவுகிறோமா, குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுகிறோமா, தொட்டியில் முக்கி எடுக்கிறோமா என்பதைப் பொறுத்துத்தான் டம்ளரின் வெற்றி இருக்கிறது. அந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டியபோது பாத்திரம் கழுவும் பெரியவர்தான் முதலில் புரிந்துகொண்டார். “ரெண்டு தொட்டி கட்டிக் குடுங்க சாமி, ஒண்ணுல முக்கி ஒண்ணுல அலசிடறேன்” என்றார். அலகு என்ற சொல் அவருக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாம் கேள்வியை நான் படித்தது தென்பெண்ணை ஆற்றில். ஓசூர்க்காரர்களுக்கு எல்லை என்பது தினசரிச் சமாச்சாரம். ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைகள் இங்கே ஏராளம். லாரிகள் சாவடியில் நிற்கும். ஆறு நிற்காது. நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கிழக்கு விளிம்பைத் தொட்டுக்கொண்டு வரும் தென்பெண்ணையில், பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீரும் கலக்கிறது. மழை பெய்து தண்ணீர் திறந்துவிடப்படும் நாட்களில் கெலவரப்பள்ளி அணையின் மதகுக்குக் கீழே வெள்ளை நுரை ஆள் உயரத்துக்குப் பொங்கி நிற்கும். துணி துவைக்கும் சோப்புத் தூளிலும் ஆலைக் கழிவிலும் இருக்கும் நுரைப்பான்களால் வருவது அது. மதகில் தண்ணீர் விழுந்து கலங்கும்போது எழும்புகிறது. பெங்களூரில் ஒரு வீட்டில் சட்டை வெளுப்பாகிவிட்டது, அந்த வீட்டின் கணக்கு அங்கே முடிந்துவிட்டது. மிச்சக் கணக்கு எங்கள் ஆயக்கட்டு விவசாயியின் வாய்க்காலில் வந்து சேர்கிறது.

அதே நகரத்தின் கழிவுநீரில் ஒரு பகுதியை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்து, 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்புகிறார்கள். அந்த நீரின் தரம் பற்றி அங்கே வாக்குவாதம் இருக்கிறது. அது நியாயமான வாக்குவாதம். ஆனாலும் யாரோ ஒருவர் எல்லைக் கோட்டை வீட்டுச் சாக்கடையிலிருந்து எடுத்து ஏரிக்கரை வரை நகர்த்தி வைத்திருக்கிறார் என்பதை நான் மதிக்கிறேன்.

மேல்கரைக்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஓசூருக்குக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, விழுப்புரம், கடைசியில் கடலூர்க் கடல். நாங்கள் கூலன்ட் கலந்த தண்ணீரை எப்படி வெளியேற்றினோம் என்று கடலூரிலிருந்து ஒருவர் வந்து கேட்டால், 1980-களில் வேலை பார்த்த எங்கள் தலைமுறையில் எத்தனை பேர் முகம் பார்த்துப் பதில் சொல்ல முடியும்?

படித்ததை எங்கே தொடங்கிச் செய்வது என்று கேட்கிற பொறியாளர்களிடம் நான் ஒன்றைத்தான் சொல்வேன்: உன் குப்பைத் தொட்டியை ஒரு மாதம் எடை போடு. வேறு எதையும் வாங்காதே, மென்பொருளும் வேண்டாம். நான் என் பிரிவில் அதைச் செய்தேன். சி.என்.சி. இயந்திரங்களில் கடைந்து விழும் பிசிறு தினமும் டிராலி டிராலியாகப் போகும். அதைப் ‘பர்’ என்போம், சிலர் ‘சிப்ஸ்’ என்பார்கள். மூன்று வகை அலுமினியம், ஒரு வகை எஃகு, கொஞ்சம் வார்ப்பிரும்புத் தூள். ஐந்தும் ஒரே குவியலாகப் போய்க்கொண்டிருந்தன. பிரித்துப் போட்டால் கிலோவுக்கு எவ்வளவு கூடுதல் விலை வரும் என்று காயலான் கடையில் கேட்டு எழுதிக்கொண்டேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், அந்த ஆண்டு நாங்கள் செலவைக் குறைக்க நடத்திய எந்தத் திட்டமும் அதன் பக்கத்தில் நிற்கவில்லை.

உடனே சுவரொட்டி அடித்தோம். நிறம் பிரித்த தொட்டிகள் வைத்தோம். வகுப்பு எடுத்தோம். முதல் ஷிப்டில் பிரிந்தது, மூன்றாம் ஷிப்டில் மறுபடியும் கலந்தது. தொழிலாளர்களுக்கு அக்கறை இல்லை என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள், நானும் தலையாட்டினேன். பிறகு ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே போய் நின்றேன். பர் அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர், ஒரே ஒரு டிராலி. பகலில் மூன்று டிராலி. இரவில் இரண்டைப் பண்டகசாலையில் பூட்டிவிடுவார்கள். ஐந்து வகையை ஒரே வண்டியில் அள்ளச் சொல்லிவிட்டுப் பிரிக்கவில்லை என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். டிராலி பூட்டுவது நின்றது. வகை பிரிப்பதும் நிலைத்தது. அந்தக் கூட்டத்தில் தலையாட்டியதை நான் இன்னும் மறக்கவில்லை.

பிசிறோடு எண்ணெயும் போகும். சுழற்சி இயந்திரத்தில் போட்டுச் சுற்றினால், துணி உலர்த்துவது போல, கட்டிங் ஆயில் பிரிந்து வடியும். வடிகட்டி மறுபடியும் இயந்திரத்துக்கே ஊற்றலாம். உலர்ந்த பிசிறுக்கு உருக்காலையில் நல்ல விலை. ஈரப் பிசிறு உலையில் புகைந்து, உலோகமும் கொஞ்சம் எரிந்து வீணாகும். இதெல்லாம் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. எடை போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்த பிறகு கொஞ்சம் நிறைவாக இருந்தது. அப்போதுதான் வால்டர் ஸ்டாஹெல் என்ற சுவிஸ் கட்டடக் கலைஞரின் சிந்தனையைப் படித்தேன். 1976-ல் ஜெனிவீவ் ரெடே என்பவரோடு சேர்ந்து ஐரோப்பிய ஆணையத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறார். புதிதாகச் செய்வது ஆற்றலைத் தின்கிறது. பழுது பார்ப்பதும் புதுப்பிப்பதும் ஆட்களுக்கு வேலை தருகிறது. ஆகவே ஆற்றலுக்குப் பதிலாக ஆள்பலத்தை வைக்கலாம் என்பது அதன் சாரம். அவர் வாதத்தின்படி வட்டம் சின்னதாக இருக்க இருக்க நல்லது. வைத்திருப்பதைப் பழுது பார்ப்பது மிகச் சின்ன வட்டம். பாகத்தைப் புதுப்பித்துத் திரும்பப் பொருத்துவது அடுத்தது. உருக்கி மறுபடி வார்ப்பது மிகப் பெரிய, கடைசி வட்டம். அதாவது, நான் பெருமையோடு செய்துகொண்டிருந்த பிசிறு வேலை முழுவதும் கடைசி வட்டத்தில் இருந்தது. 1996-ல் நான் முறித்தது முதல் வட்டத்தை.

அதைப் படித்த இரவு எனக்கு நினைவுக்கு வந்தது ஐரோப்பா இல்லை, ராயக்கோட்டை சாலை லேத் பட்டறைகள். இன்ஜின் சிலிண்டர் தேய்ந்தால் அந்தக் காலத்தில் யாரும் இன்ஜினைத் தூக்கிப் போட்டதில்லை. ‘போர்’ பண்ணி, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவார்கள். அதுவும் தேய்ந்தால் அரை மில்லிமீட்டர், பிறகு முக்கால், பிறகு ஒன்று. அதற்கப்புறமும் லைனர் அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவருவார்கள். கிராங்க் ஷாப்டைச் சாணை பிடித்து, அதற்கேற்ற சின்ன அளவு பேரிங் போடுவார்கள். இதெல்லாம் மெக்கானிக்கின் கைவண்ணம் என்றே நினைத்திருந்தேன். பாதிதான் அது. மறுபாதி, அந்த இன்ஜினை வரைந்தவர் சிலிண்டர் சுவரை அந்த ஒரு மில்லிமீட்டருக்காகத் தடிமனாக விட்டுவைத்திருந்தார். ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு உற்பத்திப் பட்டியலிலேயே இடம் கொடுத்திருந்தார். இன்ஜினுக்குக் கூடுதலாக நான்கு ஆயுள்களை முதல் நாளே எழுதிவைத்துவிட்டார். அவர் போட்ட எல்லைக் கோடு தொழிற்சாலைக் கேட்டைத் தாண்டி, அவர் ஒருபோதும் பார்க்காத ராயக்கோட்டை சாலைப் பட்டறை வரை வந்திருந்தது.

நம்மிலும் ஒருவர் இதை முன்பே யோசித்திருக்கிறார். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்கியல் படித்து, காந்தியோடு வேலை செய்து, கடைசிக் காலத்தை மதுரை மாவட்டத்து தே.கல்லுப்பட்டியில் கழித்த ஜே.சி. குமரப்பா, சிறையில் இருந்தபோது எழுதி 1945-ல் வெளிவந்த ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ நூலில், நிலக்கரி, பெட்ரோலியம், தாது போல எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் சேமிப்பையும், ஓடும் நீர், வளரும் காடு போலத் தொடர்ந்து வருவதையும் பிரித்துக் காட்டினார். ஒரு தணிக்கையாளர் இதை எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. முதலைச் செலவு செய்துவிட்டு அதை வருமானம் என்று எழுதுவது கணக்கியலில் குற்றம். நாங்கள் பொறியாளர்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

டென்மார்க்கில் கலுண்ட்போர்க் என்ற சிறு ஊரைப் பற்றி எல்லாப் பாடத்திலும் வரும். அனல்மின் நிலையத்தின் நீராவி பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. அது நிலக்கரியில் ஓடிய காலத்தில், புகைபோக்கியில் கிடைத்த ஜிப்சம் சுவர்ப்பலகை ஆலைக்குப் போனது. 1960-களின் தொடக்கத்தில் தண்ணீரைப் பகிர்ந்துகொள்வதில் ஆரம்பித்தது. யாரும் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை, பக்கத்து ஆலை மேலாளர்கள் ஒருவருக்கொருவர் பழக்கம். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அப்படிப் பகிர்ந்துகொள்ள ஒன்று இருக்கிறது. மே மாதம் தொடங்கி மாம்பழக் கூழ் ஆலைகள் இரவும் பகலும் ஓடும்; நாங்கள் ‘பெங்களூரா’ என்று சொல்லும் கிளிமூக்கு மாங்காய்தான் பெரும்பாலும். தோலும் கொட்டையும் லாரி லாரியாக வெளியேறும். ஐரோப்பாவில் சாக்லேட்டில் சேர்க்க அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பும் ஒன்று. இந்தச் செய்தியைக் கூழ் ஆலை நடத்தும் நண்பரிடம் சொன்னபோது, அவர் தன் ஆலைக்குப் பின்னால் ஈ மொய்த்துக்கொண்டிருந்த குவியலைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்து ஆலைக்காரரோடு பேசுவதற்கு நமக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இப்போது சட்டமும் எல்லைக் கோட்டை நகர்த்தத் தொடங்கிவிட்டது. ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. சொந்த வண்டி என்றால் 20 ஆண்டுக்கு முன்பும், வாடகை, சரக்கு வண்டி என்றால் 15 ஆண்டுக்கு முன்பும் விற்ற வண்டிகளில் இருந்த எஃகில் குறைந்தது 8 சதவீதம் திரும்ப எடுக்கப்பட்டதற்கு, அந்த வண்டியைச் செய்த நிறுவனமே பொறுப்பு. இந்த அளவு போகப் போக உயரும். மின்கலக் கழிவு விதிகள் 2022 ஆகஸ்டில் வந்தன. 2027-28-ல் மின்வண்டி பேட்டரியில் 5 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும், 2030-31-ல் 20 சதவீதம். ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின் ஸ்கூட்டர்கள் எங்கள் மாவட்டத்திலிருந்தே நாடெங்கும் போகின்றன. அவற்றின் பேட்டரிகள் ஒரு நாள் எங்கோ வந்து சேரும். கொள்ளளவு 70, 80 சதவீதமாகக் குறைந்தால் வண்டிக்கு ஆகாது. ஆனால் சூரிய மின்சாரத்தைச் சேமித்துவைக்க இன்னும் பல ஆண்டு உழைக்கும். அதற்கு அந்தப் பெட்டி திறக்க வேண்டும். உள்ளே எந்தத் தொகுதி நல்லது, எது கெட்டது என்று தனித்தனியாகக் கழற்ற முடிய வேண்டும். எல்லாவற்றையும் பசை ஊற்றி ஒரே கட்டியாக்கிவிட்டால், அது என் பம்ப் கூட்டின் கதைதான். இந்தமுறை சுத்தியலால் அடிக்கவும் முடியாது. லித்தியம் செல்லை அடித்தால் தீப்பிடிக்கும். அவற்றை உரிமம் பெற்ற இடத்தில், பயிற்சி பெற்றவர்கள்தான் திறக்க வேண்டும்.

பொருளைத் தூக்கி எறியாமல் வட்டத்திலேயே வைத்திருக்கும் சுழற்சிப் பொருளாதாரத்துக்கென்றே ஐ.எஸ்.ஓ. 59004 முதலான விதிமுறைகள் 2024 மே மாதம் வந்திருக்கின்றன. இளைஞர்கள் இவற்றைப் படிக்கட்டும். ஆனால் படிப்பு முடிந்ததும் வேலை நீடித்த வளர்ச்சி அறிக்கை எழுதுவதிலேயே நின்றுவிடுகிற ஆபத்தை நான் பார்க்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகளை அந்தத் துறைக்கு மாற்றிவிடுகிறார்கள். அவர்கள் வண்ண வண்ண வரைபடம் போடுகிறார்கள். வடிவமைப்பு அறையில் அதே பழைய கணக்கில் வேலை நடக்கிறது. ஒரு பொருள் எப்படிப் பிரியும் என்பது திருகு எங்கே போடுவது, பசை போடுவதா வேண்டாமா, இரண்டு உலோகம் எங்கே தொடுகிறது என்று முடிவெடுக்கும் அந்த மேசையில்தான் தீர்மானமாகிறது. இந்தப் படிப்பைப் படித்தவர் அந்த மேசையை விட்டு எழுந்துவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

நான் 2020-ல் ஓய்வு பெற்றேன். இப்போது தெரிந்த பிள்ளைகள் வரைபடங்களோடு வீட்டுக்கு வருவார்கள். போன வருடம் ஒரு பெண் வந்தாள், மின்வண்டிக்கான கன்ட்ரோலர் பெட்டி வடிவமைக்கிறவள். அலுமினியப் பெட்டி, மேல் மூடி, சுற்றிலும் சீலன்ட். தண்ணீர் புகக் கூடாது என்பதால் சீலன்ட் கட்டாயம் என்றாள். அவள் சொன்னது உண்மை. மழையில் நனைந்து கெட்டுப்போகும் பெட்டி யாருக்கும் பயன்படாது. ரப்பர் கேஸ்கெட் போட்டால் கழற்றலாம், ஆனால் விலை கூடும், நாளடைவில் கசியலாம். இரண்டு வாரம் இதிலேயே உழன்றிருக்கிறாள். மின்பாகம் எதுவும் இல்லாத வெறும் மாதிரிப் பெட்டியை ஒட்டிக் கொண்டுவரச் சொன்னேன். அவளைக் கூட்டிக்கொண்டு பாகலூர் சாலைக்குப் போனேன்.

அந்த அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். தலை நரைத்துவிட்டது. இப்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறார், கடைக்காரரின் மகன் வாங்கிக் கொடுத்தது. அவரிடம் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் பலமுறை அந்தக் கடைக்குப் போயும் சொல்லாதது.

“அம்மா, ரொம்ப நாள் முன்னாடி ஒரு பம்பு கூடு ஒடைச்சிக்கிட்டிருந்தீங்க. உள்ள வளையத்தப் புடுங்கவே முடியலன்னு சொன்னீங்க. அத வரைஞ்சது நான்தாம்மா.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் தெரியவில்லை.

“அது இன்னும் வருது சார்” என்றார்.

பிறகு பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். உளியை எடுத்து மூடி விளிம்பில் நான்கு பக்கமும் வைத்துப் பார்த்தார். எங்கேயும் நுனி ஏறவில்லை. ஒரு மூலையில் கட்டைவிரலை வைத்து, “பசை இருக்கட்டும் பாப்பா. இங்க மட்டும் ஒரு வாய் விடு. நெம்ப எடம் இருந்தா பசை தன்னால உரிஞ்சு வரும்” என்றார்.

அந்தப் பெண் பையிலிருந்து வரைபடத்தை எடுத்துத் தண்டவாளத் துண்டின் மேலேயே விரித்தாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்து, அதே மூலையில் விரலை வைக்கச் சொல்லி, பென்சிலால் அதைச் சுற்றிக் கோடு போட்டாள்.